முன்ஷி அப்துல்லாஹ்: நாகூர் வழிவந்த மொழி ஆசான்



நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் கடை வைத்திருக்கும் நம்மவர் எவரும் ஒரே பாஷையை வைத்துக்கொண்டு ஒரு நாள் வியாபாரத்தை முடித்துவிட இயலாது. தோட்டத்துச் சனங்களிடம் தமிழ், கம்பத்தார்களிடம் மலாய், வரி ஆபீசுக்கும் பேங்குக்கும் மலாயும் இங்கிலீஷும், தொழுகைக்கும் ஓதலுக்கும் அரபு. இத்தனை பாஷைகளையும் நாம் நாவில் வைத்திருக்கிறோம். ஆனால் ஒவ்வொரு பாஷைக்கும் ஒரு சட்டம் உண்டு என்பதையும், ஒன்றின் சட்டத்தை மற்றொன்றின் மேல் ஏற்றினால் பொருள் கெடும் என்பதையும் நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்? இதை நினைத்துப் பார்த்தது மட்டுமல்ல, அதற்காகத் தம் வாழ்நாளையே செலவிட்ட ஒரு பெரியார் நமக்கு அடுத்த மலாக்காவில் வாழ்ந்திருந்தார். அன்னார்தாம் முன்ஷி அப்துல்லாஹ் என்று பெயர் பெற்ற அப்துல்லாஹ் பின் அப்துல் காதிர். மலாய் மக்கள் அவரைத் தங்கள் புதிய இலக்கியத்தின் தந்தை என்று போற்றுகிறார்கள். மலாக்காவிலும் கோலாலம்பூரிலும் அவர் பெயரால் சாலைகள் உள்ளன. அந்தச் சாலைகளில் சரக்கு ஏற்றி இறக்கும் நம் சகோதரர்களில் பலர், அவருடைய வேர் நாகூரில் உள்ளது என்பதை அறியார்.

அன்னாரின் முப்பாட்டனார் யமன் நாட்டு அரபியர். மார்க்கமும் மொழியும் போதிக்கும் ஆசிரியராக நாகூருக்கு வந்து, அங்கே ஒரு தமிழ்ப் பெண்மணியை மணந்து குடியமர்ந்தார். அவருடைய மக்களில் ஒருவரான முஹம்மது இப்ராஹீம் கடல் கடந்து மலாக்கா வந்து, மீரா லெப்பை என்பவரின் மகளான பெரியாச்சியை மணந்தார். அவர்களுக்குப் பிறந்த அப்துல் காதிர்தாம் நம் முன்ஷியின் தகப்பனார். மீரா லெப்பை, பெரியாச்சி என்ற பெயர்களைக் கேட்கும்போதே இவர்கள் யாருடைய சொந்தங்கள் என்பது நமக்கு விளங்கிவிடும்.

மலாக்காவின் கம்போங் பாலியில் 1796 ஆம் வருடம் அப்துல்லாஹ் பிறந்தார். அவருக்கு முன்பு பிறந்த நான்கு ஆண் மக்களும் சிறு வயதிலேயே இறந்துவிட்டார்கள். ஐந்தாவதாகப் பிறந்த இந்தப் பிள்ளையை எல்லோரும் கண்ணுக்குள் வைத்து வளர்த்தார்கள். ஆயினும் படிப்பு விஷயத்தில் தகப்பனார் சிறிதும் தளர்வு காட்டவில்லை. பாட்டியார் பெரியாச்சி தம் இல்லத்தில் ஏராளமான பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்து வந்தார். பேரனும் அங்கேதான் எழுத்தறிந்தார்.

அதன் பின்னர் தகப்பனார் அவரைத் தமிழ் படிக்க அனுப்பினார். இரண்டரை ஆண்டுகள் அவர் தமிழ் படித்தார். அக்காலத்து மலாக்காவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் யாவரும் தமிழ் கற்பது வழக்கமாயிருந்தது. ஏனெனில் ஊரின் வணிகத்தில் பெரும்பகுதி தமிழகத்து வியாபாரிகளின் கையில் இருந்தது. கணக்கும் கடிதப் போக்குவரத்தும் தமிழிலேயே நடந்தன. சகோதரர்களே, இதைச் சற்று நின்று கவனியுங்கள். ஒரு காலத்தில் இந்தத் தேசத்துத் துறைமுகத்தில் பிறர் தேடி வந்து கற்ற வியாபார பாஷையாக நம் தமிழ் இருந்திருக்கிறது.

தமிழுக்குப் பின் உருது. மலாக்காக் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் இருந்தார்கள்; அவர்களில் முஸ்லிம்கள் பலர். இளைஞர் அப்துல்லாஹ் அவர்களுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்தார். அவர்களிடமிருந்து தாம் இந்துஸ்தானி கற்றுக்கொண்டார். மொழி ஆசான் என்று பொருள்படும் முன்ஷி என்னும் பட்டம் அந்தச் சிப்பாய்கள் கொடுத்ததேயாகும். எந்த அரசரும் கொடுத்த பட்டமல்ல. மாணவர்கள் அன்பால் அழைத்த பெயர் அது.

இவ்வளவு கற்றும் அவர் மனம் ஒரு விஷயத்தில் நிறைவடையவில்லை. மலாய் பாஷையை முறைப்படி கற்க வேண்டும் என்று விரும்பினார். அன்று மலாய் கற்பிக்கப் பள்ளிக்கூடம் கிடையாது. வீட்டில் பேசுகின்ற பாஷையை யாராவது உட்கார்ந்து படிப்பார்களா என்று ஊரார் நகைத்தார்கள். அரபு படித்தால் மறுமைக்கு ஆகும். மலாய் எதற்கு ஆகும் என்றார்கள். அவர் அதைப் பொருட்படுத்தாமல் மலாய் நன்கறிந்த முதியவர்களைத் தேடிச் சென்று, சொல்லுக்குச் சொல் கேட்டு, ஏடுகளைப் பிரதி எடுத்துக் கற்றார். ஒரு நாள் தகப்பனார் வீட்டில் இல்லாத வேளையில் நகோதா ஒருவர் பத்திரம் எழுத வந்தார். மகனே அதை எழுதிக் கொடுத்தார். அதைக் கண்ட தகப்பனாருக்கு மகனின் எழுத்தில் நம்பிக்கை பிறந்தது. பத்திரத்தில் ஒரு சொல் பிசகினால் எவ்வளவு நஷ்டம் என்பது வியாபாரிகளாகிய நமக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதிலும் அன்றைய மலாய் ஜாவி எழுத்தில் எழுதப்பட்டது. அரபு எழுத்தோடு, அரபியில் இல்லாத ச, ங, ப, க, ஞ என்னும் ஒலிகளுக்காக ஐந்து எழுத்துகள் கூட்டி அமைத்தது ஜாவி. நம் முன்னோர் அரபுத் தமிழுக்குச் செய்ததும் இதுவே. ஆனால் அரபியில் குறில் உயிர்கள் எழுத்தில் வாரா. அரபு படித்தவனுக்கு இலக்கண விதி வழி காட்டும். மலாயில் அந்த விதி இல்லை. பே, நூன், தே, ஙகரம் என்று நான்கு எழுத்தை மட்டும் பழைய முறையில் எழுதினால் அதை நட்சத்திரம் என்னும் பிந்தாங் என்றும் படிக்கலாம். தூக்கி எறிதல் என்னும் பாந்திங் என்றும் படிக்கலாம். கோட்டை என்னும் பெந்தெங் என்றும் படிக்கலாம். எழுத்தைக் கடன் வாங்கலாம். ஆனால் அந்த எழுத்து எந்தப் பாஷைக்காகப் பிறந்ததோ அதன் இலக்கணம் கூடவே வந்துவிடாது. அப்துல்லாஹ் எழுத்திலே கண்ட முதல் பாடம் இதுவாகவே இருந்திருக்கும்.

1810 ஆம் ஆண்டின் முடிவில் ராபிள்ஸ் துரை மலாக்கா வந்து, ஜாவா படையெடுப்புக்கு முன் மலாய் அரசர்களுக்குக் கடிதங்கள் எழுதவும் மலாய் ஏடுகளைப் பிரதி எடுக்கவும் எழுத்தர்களை அமர்த்தினார். அவர்களுள் மிக இளையவர் அப்துல்லாஹ். ராபிள்ஸ் சேர்த்த அந்த ஏடுகளில் பெரும் பகுதி 1824 இல் ஃபேம் என்னும் கப்பல் தீப்பற்றியபோது கடலோடு போயிற்று. கையெழுத்து ஏடு ஒன்றே ஒன்றாக இருந்தால் அது என்ன கதிக்கு ஆளாகும் என்பதை அப்துல்லாஹ் அந்த நஷ்டத்தில் உணர்ந்தார். அச்சுத் தொழிலில் அவர் கொண்ட ஆர்வத்துக்கு நியாயம் இருந்தது.

நிற்க. 1815 இல் மில்ன் என்ற பாதிரியார் மலாக்கா வந்தார். 1818 இல் அங்கே ஆங்கிலோ சீனக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அப்துல்லாஹ் பாதிரிமார்களுக்கு மலாய் கற்பித்தார். அவர்களிடம் இங்கிலீஷ் கற்றார். அச்சுக் கோக்கவும் பழகினார். சொந்த மார்க்கத்தில் உறுதியாக இருந்துகொண்டே அவர் இதைச் செய்தார். ஊரில் சிலர் அவரைப் பழித்தார்கள். அப்துல்லாஹ் பாதிரி என்றுகூட ஏளனம் செய்தார்கள். அவர் கற்பதை நிறுத்தவில்லை.

இந்தப் பாதிரிமார்களில் தாம்சன் என்பவரோடுதான் இலக்கண வழக்கு மூண்டது. தாம்சன் தம் வேத நூலை மலாயில் பெயர்த்தார். அவர் இங்கிலீஷ் வாக்கியத்தை எடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மலாய்ச் சொல்லை அதே வரிசையில் வைத்தார். அப்துல்லாஹ் அதைப் படித்துவிட்டு, சொற்கள் யாவும் மலாய்தான், ஆனால் வாக்கியம் மலாய் அல்ல என்று எடுத்துச் சொன்னார். தாம்சன் ஒப்புக்கொள்ளவில்லை. மலாயிலும் இங்கிலீஷ் இலக்கணத்தின்படி எழுதலாம் என்பது அவர் எண்ணம். ஒரு பாஷையின் சட்டத்தை அப்பாஷையைப் பேசும் மக்களின் வழக்கில்தான் தேட வேண்டும் என்பது அப்துல்லாஹ்வின் எண்ணம். கூலி கொடுக்கும் எஜமானிடம் இப்படி வாதாட எத்தனை பேர் துணிவார்கள்? அவர் துணிந்தார். பிற்பாடு தம் வாழ்க்கை வரலாற்றில் இவ்வழக்கை விரிவாக எழுதியும் வைத்தார்.

இந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதை நம் கடையில் புழங்கும் சொற்களைக் கொண்டே நிறுத்துப் பார்க்கலாம்.

தமிழில் பெரிய வீடு என்கிறோம். மலாயில் ரூமா பெசார், அதாவது வீடு பெரிய. அரபியிலும் பைத்துன் கபீர் என்று வீடு முந்தி வரும். இங்கிலீஷில் நம்மைப் போலவே பெரிய என்பது முந்தும். தமிழில் வந்தான், வந்தாள், வந்தார், வந்தது என்று வினையின் வால் ஆளைக் காட்டும். மலாயில் டாத்தாங் என்ற ஒரே சொல் இவை எல்லாவற்றுக்கும் ஆகும். நேற்று வந்ததா நாளை வருவதா என்பதையும் வேறு சொல் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். டியா என்றால் அவனும் அதுவே, அவளும் அதுவே. ஆகையால் மலாய் எளிய பாஷை என்று சிலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. மலாயின் நுட்பம் வேறு இடத்தில் இருக்கிறது. மூன்று ஆடு என்று நாம் சொல்லிவிடலாம். மலாயில் தீகா ஏக்கோர் காம்பிங் என்று வால் கணக்குச் சொல் ஒன்று நடுவில் வர வேண்டும். மனிதருக்கு ஓராங், பழத்துக்கும் வீட்டுக்கும் பூவா, மரத்துக்கு பாத்தாங் என்று ஒவ்வொரு வகைக்கும் ஒரு சொல். தமிழில் மனிதருக்கு மட்டும் மூன்று பேர் என்கிறோம் அல்லவா, அந்த விதி அங்கே எல்லாப் பொருளுக்கும் பரவியிருக்கிறது.

மதரஸாவில் நஹ்வு ஓதியவர்களுக்கு அரபியின் எண்ணுக் கணக்கு நினைவிருக்கும். மூன்று முதல் பத்து வரை எண்ணப்படும் பொருள் பன்மையில் வரும். பதினொன்று ஆனதும் ஒருமைக்குத் திரும்பிவிடும். புத்தகம் ஆண்பாலானால் மூன்று என்ற எண் பெண்பால் வடிவில் நிற்கும். இதை மலாயில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்? சரக்குச் சீட்டே குழம்பிவிடும்.

பாஷைகள் எதிர்பாராத இடத்தில் ஒத்துப்போவதும் உண்டு. தமிழில் நாம் என்றால் கேட்பவரும் சேர்த்தி. நாங்கள் என்றால் கேட்பவர் நீங்கலாக. மலாயிலும் இதே வேற்றுமை உண்டு. கீத்தா என்றால் நாம், காமி என்றால் நாங்கள். அரபியிலும் இங்கிலீஷிலும் இரண்டுக்கும் ஒரே சொல். ரப்பனா என்று துஆவில் வருவதை மலாய்க்காரர் காமி போட்டுச் சொல்கிறார்; நாமும் எங்கள் இறைவா என்கிறோமே தவிர நம் இறைவா என்று அவனிடம் சொல்வதில்லை. இங்கிலீஷை மட்டும் பார்த்துப் பெயர்ப்பவனுக்கு இந்த வேற்றுமை கண்ணில் படாது. கடையிலும் அப்படியே. கடன் பாக்கி வைத்த வாடிக்கையாளரிடம் காமி ரூகி என்றால் நஷ்டம் கடைக்காரருக்கு. கீத்தா ரூகி என்றால் நஷ்டத்தில் அவருக்கும் பங்கு உண்டு என்றாகிவிடும்!

இனிச் சொற்களின் சங்கதிக்கு வருவோம். கடை மலாயில் கெடாய் ஆயிற்று. கப்பல் காப்பால் ஆயிற்று. பெட்டி பெத்தி ஆயிற்று. முதல் மோடால் ஆயிற்று. மாம்பழம் மெம்பெலாம் ஆயிற்று. லெப்பை லெபாய் ஆனார். ஆனால் மலாய் வீட்டுக்குள் நுழைந்த இச்சொற்கள் மலாய்ச் சட்டத்துக்குப் பணிந்தன. கெடாய் வைத்திருப்பவர் பெகெடாய். மோடால் போடுகிறவர் பெமோடால். சொல்லின் முன்னே ஒட்டும் அந்த எழுத்து மலாயின் சொத்து. பொருளும் மாறும். நமக்குக் கூலி என்பது ஆள் வாங்கும் பணம். மலாயில் கூலி என்பது அந்த ஆளே.

நாமும் அவ்வாறே செய்திருக்கிறோம். கம்போங் நம் வாயில் கம்பம் ஆனது. ஆனதும் மரம் மரத்துக்கு என்று ஆவதுபோல் கம்பம் கம்பத்துக்கு என்று ஆகிவிட்டது. கெத்தா கித்தா ஆகி, கித்தாவுக்கு, கித்தாவில் என்று வேற்றுமை உருபு ஏற்றுக்கொண்டது. படிக்காத பாட்டிகூட இந்த விதியைத் தவறவிடுவதில்லை. உலமா என்பது அரபியில் ஆலிம் என்பதன் பன்மை. அவுலியா என்பது வலியின் பன்மை. நாமோ உலமாக்கள், அவுலியாக்கள் என்று பன்மைக்கு மேல் பன்மை போடுகிறோம். மலாய்க்காரர் ஒருபடி மேலே போய் ஒரே ஒரு பெரியவரையும் செஓராங் உலாமா என்கிறார். அரபு ஆசிரியர் இதைக் கேட்டுச் சினங்கொள்ளலாம். ஆனால் இது பிழையல்ல. சொல் மட்டுமே கப்பலேறி வரும். இலக்கணம் தாய்நாட்டிலேயே தங்கிவிடும். வந்த சொல் குடியேறிய நாட்டின் சட்டப்படிதான் நடக்க வேண்டும். ஆகவே தாம்சனோடு நடந்த வழக்கில் நியாயம் அப்துல்லாஹ்வின் பக்கமே என்பது தெளிவாகிறது.

அவருடைய மற்றக் காரியங்களையும் சுருக்கிச் சொல்கிறேன். சிங்கப்பூரில் தங்கி அதிகாரிகளுக்கும் வியாபாரிகளுக்கும் மலாய் கற்பித்துப் பிழைத்தார். 1830 இல் அங்கே நேர்ந்த தீ விபத்தைப் பாட்டாகப் பாடினார். செஜாரா மெலாயு என்னும் பழைய வரலாற்று நூலை அச்சுக்கு ஒழுங்கு செய்தார். 1835 இல் பஞ்சதந்திரக் கதைகளை, தமிழறிந்த நண்பர் ஒருவரின் துணையோடு, தமிழிலிருந்து மலாயில் பெயர்த்தார். சிறு வயதில் இரண்டரை ஆண்டு கற்ற தமிழ் நாற்பது வயதை நெருங்கும்போது பயன் தந்தது. இக்கதைகளே பல நூற்றாண்டுகளுக்கு முன் அரபியில் கலீலா வ திம்னா என்ற பெயரில் வழங்கியவை என்பதை ஓதியவர்கள் அறிவார்கள். 1838 இல் வியாபாரிகளின் படகுகளோடு கிளந்தானுக்குச் சென்று, கண்டதைப் பயண நூலாக எழுதினார். 1843 இல் தம் வாழ்க்கை வரலாறான ஹிக்காயத் அப்துல்லாவை எழுதி முடித்தார்; 1849 இல் அது கல்லச்சில் வெளிவந்தது. அரசர்களின் கதையையே எழுதிவந்த மலாயில், ஒரு சாதாரண எழுத்தர் தம் சொந்தக் கண்ணால் கண்டதை எழுதியது புதுமை.

அவரைக் குறை சொல்வோரும் உண்டு. வெள்ளைக்காரரை மிகுதியாகப் புகழ்ந்தார், மலாய் அரசர்களைக் கடுமையாகத் தூற்றினார் என்று மலாய் அறிஞர்களில் பலர் எழுதியிருக்கிறார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. அவருடைய சம்பளம் வெள்ளையரிடமிருந்து வந்தது என்பதையும் மறக்கலாகாது. ஆயினும் மலாய் மக்கள் தங்கள் பாஷையைப் படிக்காமல் விட்டுவிட்டார்களே என்று அவர் வருந்தியது அப்பாஷையின் மேல் கொண்ட அன்பினாலேயே.

1854 இல் ஹஜ்ஜை நாடிச் சிங்கப்பூரிலிருந்து கப்பலேறினார். அந்தப் பயணத்தையும் எழுதிக்கொண்டே சென்றார். அந்த ஆண்டிலேயே ஹிஜாஸ் பூமியில் வபாத்தானார். அவர் மகன் முஹம்மது இப்ராஹீம் முன்ஷி ஜொகூர் அரசாங்கத்தில் உயர்ந்த பதவி வகித்து, தந்தையைப் போலவே பயண நூல் எழுதினார்.

சகோதரர்களே, இந்த வரலாற்றில் நமக்கு மகிழ்ச்சியும் உண்டு, அச்சமும் உண்டு. நாகூர் வழிவந்தவர் மலாய் பாஷைக்கே ஆசான் ஆனார் என்பது மகிழ்ச்சி. ஆனால் அந்த மலாக்காவில் இப்போது யார் தமிழ் கற்கத் தேடி வருகிறார்கள்? பெரியாச்சியின் வழியினர் மலாய் மக்களாகவே ஆகிவிட்டார்கள். மலாக்காவின் காஜா பெராங்கில் வாழும் செட்டிச் சமூகத்தார் கோயிலையும் சடங்கையும் காத்துக்கொண்டார்கள். வீட்டுப் பாஷையோ எப்போதோ மலாயாகிவிட்டது. இதில் யார் மேலும் குற்றமில்லை. வீட்டில் பேசும் பாஷைதானே, அதைப் படிப்பானேன் என்று ஒவ்வொரு தலைமுறையும் நினைத்ததன் முடிவு அது. அன்று மலாய்க்காரர் அப்துல்லாஹ்வைப் பார்த்து நகைத்த அதே சொல்லை இன்று நாம் நம் தமிழைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நம் தோட்டப்புறங்களும் மாறிவிட்டன. கித்தா நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது. தோட்டத்துச் சனங்களில் பலர் சிரம்பான், போர்ட்டிக்சன் என்று பட்டணம் போய்விட்டார்கள். நம் பிள்ளைகளும் மலாயும் இங்கிலீஷும் படித்து முன்னேறுகிறார்கள், படிக்கத்தான் வேண்டும். மலாய் இத்தேசத்தின் பாஷை. அதைக் கம்பத்தார் பேச்சோடு நிறுத்தாமல் சட்டத்தோடு படிப்பது நம் கடமை. ரெம்பாவ் பக்கத்தில் அப்பா என்பதை அப்போ என்று சொல்லக் கேட்டுப் பழகியவன் அப்படியே மனுவில் எழுதினால் ஆபீசில் ஏற்பார்களா? அரபை ஓதுவதோடு நிற்காமல் அதன் நஹ்வையும் ஸர்பையும் கற்பிப்பதும் அவ்வாறே நன்று. ஆனால் தமிழுக்கும் அதே மரியாதை வேண்டாமா? பாட்டனார் எழுதிய பற்று வரவு ஏட்டைப் பேரன் எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாமல் போனால், அந்த ஏட்டில் உள்ள நாணயமும் நல்ல பெயரும் யாருக்குப் பயன்படும்?

ஆகவே ஒவ்வொரு கடையிலும், ஒவ்வொரு வீட்டிலும், இரவில் கணக்கு முடித்த பின் அரை மணி நேரமாவது பிள்ளைகளை உட்கார வைத்துத் தமிழ் படிக்கவும் எழுதவும் சொல்லிக் கொடுக்க வேண்டுகிறேன். தமிழின் சட்டத்தை அறிந்த பிள்ளை மலாயின் சட்டத்தையும் அரபின் சட்டத்தையும் விரைவில் பிடித்துக்கொள்ளும். ஒரு தராசைப் பிடிக்கத் தெரிந்தவனுக்கு எந்தக் கடையிலும் வேலை உண்டு. வல்ல அல்லாஹ் முன்ஷி அப்துல்லாஹ் அவர்களின் பிழைகளைப் பொறுத்து அவருக்கு நற்பதவி அருள்வானாக! நம் மக்களுக்கும் கல்விப் பேற்றைத் தருவானாக! ஆமீன்.